தகவல் தந்தவர்

நூற்றுப் பதினாறு பக்க ஆணையில்
எங்களுக்கு ஒரே ஒரு வரி:
தகவல் தந்தவர், காரைக்குடி.
வழக்குப் போட்டவர் என்றில்லை
நட்டப்பட்டவர் என்றுமில்லை
மழை வரும்போல இருக்கு என்று
பஸ்ஸில் பக்கத்து சீட்டிடம் சொன்னதைப் போல
தகவல் தந்தவர்.

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில்
சகாயராணியும் நானும் எழுதியது
பில் போடும் மென்பொருள்,
புதுவயல் அரிசி ஆலைகளுக்கென்றே.
நெல்லின் ஈரப்பதம் கழிக்கும், சாக்கு எடை கழிக்கும்,
தவிடு குருணை உமி தனித்தனியாய் நிறுத்தும்,
லாரி வாடகைக்குள் ஒளிந்திருக்கும்
டிரைவர் பேட்டாவைக் கண்டுபிடிக்கும்.
முப்பத்தெட்டு ஆலை வாங்கின.
முப்பத்தொன்பதாவது ஆலையில்
டீ குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது:
பெரிய கம்பெனி இனி எல்லாக் கணினியிலும்
ஒரு பில் மென்பொருளைச் சும்மாவே தரும்.

அதற்கு ஈரப்பதம் தெரியாது.
உமியை அது 'இதர' என்றது.
ஆனாலும் சும்மா.

அதுகூடப் பொறுத்தோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை அப்டேட்டுக்குப் பிறகு
எங்களுடையதைத் திறந்தால் மஞ்சள் பெட்டி:
'இது உங்கள் கணினிக்கு ஆபத்தாக இருக்கலாம்.'
இருக்கலாம்.
அந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட ஆறு வருஷம்.
வயிரவன் மில் பெத்தபெருமாள் அன்றே கூப்பிட்டார்:
'ஏம்மா, உங்களுதுல வைரஸாமே?'

பல்லவனில் சென்னை,
அங்கிருந்து இரண்டு ராத்திரி தில்லி.
அவர்கள் பக்கம் பதினோரு வக்கீல்.
பெரிதாயிருப்பது குற்றமல்ல என்றார் ஒருவர்;
சரிதான், சட்டமும் அதையே சொல்கிறது.
பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
'மாதம் ஒருநாள் கூடிப் பேசி
எல்லாருக்கும் ஒரே நடப்பு வட்டி வைத்த
ஊர்க்காரர்கள் அல்லவா இவர்கள்' என்றார்.
கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
அவர் சொன்னது பொய்யில்லையே.
திரும்பும் ரயிலில், நாக்பூர் தாண்டி,
சகாயராணி கேட்டாள்:
'அந்த வட்டிக்கு வாங்கினவன்
எங்க போய்த் தகவல் தந்தானாம்?'
எனக்குத் தெரியவில்லை.
ஆரஞ்சு உரித்துப் பாதி கொடுத்தேன்.

அபராதம் விதித்தார்கள்.
எங்கள் மென்பொருளின் தொகைக் கட்டத்தில்
ஒன்பது இலக்கம்தான் கொள்ளும்;
அடித்துப் பார்த்தேன், கட்டம் நிரம்பிய பிறகும்
சைபர்கள் வெளியே நின்றன.
பணம் அரசாங்கக் கஜானாவுக்கு.
கம்பெனியின் பங்கு அன்று சாயங்காலம்
இரண்டு ரூபாய் ஏறியது.
மாடியை நாங்கள் காலி செய்து
அப்போது பதினான்கு மாதம்.
சகாயராணி ஓசூரில், சம்பளத்தில்.
நான் அதே ஆலைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன்.

ஆணைப்படி, புதுக் கணினியைத் திறந்ததும்
இப்போது ஒரு கேள்வி வருகிறது:
எந்த பில் மென்பொருள் வேண்டும்?
ஐந்து பெட்டிகள், வரிசையைக் குலுக்கிப்போட்டு.
வயிரவன் மில்லில் அதை என் கண்ணெதிரே திறந்தாள்
கணக்குப் பார்க்கும் நூர்ஜஹான்.
எடைமேடையில் லாரி நின்று ஹாரன் அடித்தது.
படிக்காமலே முதல் பெட்டியை அமுக்கினாள்.

அது பெரிய கம்பெனியுடையது அல்ல.
நம்பியூரில் யாரோ எழுதியது.
கோப்பின் பூட்டைத் திறந்துவிடச் சொன்ன
எழுபத்திரண்டாம் பக்கத்தால் பிறந்தது.
உமிக்குத் தனி வரி வைத்திருந்தார்கள்.
ஈரப்பதத்துக்கும் ஒரு கட்டம்.
வயிற்றில் என்னவோ செய்தது,
பொறாமைதான், வேறு பேர் வைப்பானேன்.

பிறகு அதன் கணக்கைச் சரிபார்த்தேன்.
பதினேழு புள்ளி இரண்டைப்
பதினெட்டாக்கிக் கழிக்கிறது.
நூறு மூட்டைக்கு முக்கால் மூட்டை,
நெல் கொண்டுவந்தவன் தலையில்.
பெத்தபெருமாளுக்கு அதில் குறையொன்றுமில்லை.

திரையின் அடியில் ஒரு போன் நம்பர்.
மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.
லாரிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு
சொன்னேன்:
காரைக்குடியிலிருந்து பேசுறேன்.
ஒரு தகவல்.